ஆற்றில் போட்டது எங்கே போகும்?



நான் ஆசிரியராக இருந்தபோது, கள்ளக்குறிச்சியில் இருந்து மாணவர்களைப் பிச்சாவரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா அழைத்துச் சென்றேன். சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகில் போனோம். கொக்கு, நாரை, மீன்கொத்தி, சேற்றில் ஓடும் நண்டு... எல்லாருக்கும் ஒரே குஷி!

வேரில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டி, ''யார் சார் இதை இங்கே வந்து போட்டது?'' என்றான் ஒருவன்.

''நாமாகக்கூட இருக்கலாம்,'' என்றேன். எல்லாரும் திகைத்தனர்.

கல்வராயன் மலையில் பிறக்கும் நம் கோமுகி ஆறு, மணிமுக்தா ஆற்றில் சேர்கிறது. மணிமுக்தா, வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. அதற்குச் சற்றுத் தெற்கேதான் பிச்சாவரம்! மழை வெள்ளத்தில் நம் ஊர்க் குப்பையும் அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்?

அந்த வேர்களுக்கு இடையில்தான் மீன், இறால் குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றைத் தேடித்தான் பறவைகள் வருகின்றன. 2004 சுனாமியின்போது, பின்னால் இருந்த கிராமங்களுக்கு இந்தக் காடு அரணாக நின்றது. 2022ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

படகில் கூச்சல் போடாதீர்கள். குப்பை போடாதீர்கள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வர். அது மட்டும் போதாது என்பேன் நான். சுற்றுலா போவது ஒரு நாள். மற்ற நாட்களில் நம் ஆற்றிலும், வாய்க்காலிலும் எதையும் வீசாமல் இருப்பதே, அந்தப் பறவைகளுக்கு நாம் செய்யும் உண்மையான உதவி.

இன்றே உங்கள் தெரு வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். அதில் பிளாஸ்டிக் பை கிடந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள். செய்வீர்கள்தானே?