விழப்போற பால் பல்லுக்கு எதுக்கு ரூட் கெனால்? மாத்திரை மட்டும் போட்டா போதாதா?

"பால் பல்லுதானே... தானா விழுந்து புதுசா முளைச்சிடும்!" குழந்தைக்குச் சொத்தைப் பல் என்றால் பல வீடுகளில் வரும் பதில் இதுதான். ஈறு வீங்கினால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக். வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுகிறோம். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் சீழ்!

உலகம் முழுக்க சுமார் 51.4 கோடி குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சரி, மாத்திரை போட்டும் சீழ் ஏன் திரும்ப வருது?

பல்லுக்குள்ள என்ன நடக்குது?

இனிப்பை அமிலமாக மாற்றி பல்லை அரிக்கும் வேலையைத் தொடங்குவதில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. பால் பல்லின் எனாமல் மெல்லியது. அதனால் பல்லின் நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள கூழ்ப் பகுதிக்குச் சொத்தை சீக்கிரம் போய்விடும். கூழ் செத்துப்போனால், வேர்க்குழாய்க்குள் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். இப்போது ஆக்ஸிஜன் இல்லாமலே வாழும் கிருமிகள் பெருகும். 'போர்ஃபைரோமோனாஸ்', 'பிரெவோடெல்லா', 'ஃபியூசோபாக்டீரியம்' போன்றவை இந்த வகைதான். தண்ணித் தொட்டிச் சுவரில் பாசி படிவதுபோல, பல வகைக் கிருமிகள் கூட்டமாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

மாத்திரை ஏன் வேலை செய்யல?

காரணம் சிம்பிள். விழுங்கிய மருந்தை ரத்தம்தான் கொண்டுபோக வேண்டும். செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. வெளியே இருக்கும் வீக்கம் வடியலாம். ஆனால் கிருமிகளின் கூடாரம் உள்ளே அப்படியே இருக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கொடுக்க, உடம்பில் உள்ள கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிவிடும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அது கைகொடுக்காமல் போகலாம்.

அப்போ என்னதான் தீர்வு?

கிருமி இருக்கும் இடத்தையே சுத்தம் செய்யணும். செத்த கூழை எடுத்து, கிருமிநாசினி திரவத்தால் குழாயைக் கழுவி, பேஸ்ட் போன்ற மருந்தை நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு நிரப்புவது நிரந்தரமாக இருக்கும் பொருள். பால் பல் வேரோ, கீழிருந்து புதுப் பல் வரும்போது கரையக்கூடியது. அதனால் நிரப்பும் பேஸ்ட்டும் வேரோடு சேர்ந்து கரைகிற மாதிரி இருக்கும். காப்பாற்ற முடியாத பல்லை எடுத்துவிடுவார்கள். தேவைப்பட்டால், பக்கத்துப் பற்கள் சாயாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு கம்பி வளையம் பொருத்துவார்கள்.

விழப்போற பல்லுக்கு இவ்வளவு அவசியமா?

அவசியம்தான். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்தாலும், பின்கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அந்தப் பல்லின் வேருக்கு அருகில்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும். மேலே சீழ் நீடித்தால், புதுப் பல்லின் எனாமலில் குறையோ கறையோ வரலாம்.

எப்போ உடனே ஓடணும்?

காய்ச்சல், கன்னம் அல்லது கண்ணுக்குக் கீழ் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை, மூச்சுத் திணறல் - இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்க. இப்படித் தொற்று பரவும்போது ஆன்டிபயாடிக் தேவை. ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்யணும். அப்போதும் பல்லுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஈறில் பரு மாதிரி சின்னக் கொப்புளம் தெரிந்து, வலியே இல்லை என்றாலும் அலட்சியம் வேண்டாம். சீழ் வெளியேற வழி கிடைத்ததால்தான் வலி குறைந்திருக்கும், நோய் குணமானதால் அல்ல. அடுத்த முறை மெடிக்கலுக்குப் போகும் முன், பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிடுங்க.