கார் தரும் கரண்ட்: வணிகர்கள் யோசிக்க வேண்டியவை



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, மின்சாரக் கார் வாங்கினால் கரண்ட் போனாலும் கடை ஓடுமாமே! ஜெனரேட்டரை விற்றுவிடலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. நம் வீட்டிலேயே இந்தக் கேள்வி இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கு நின்றபடி சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

நாம் பட்டுக்கோட்டையில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். மின்சாரத்தின் அருமை தெரிய நமக்குப் புத்தகம் தேவையில்லை. 2012-ஆம் ஆண்டு சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லாமல் வியாபாரம் செய்தோம். அந்தக் காலம் போய்விட்டது. அதன் பிறகு வந்தது கஜா. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல், டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. டவுனில் சில நாட்கள், கிராமங்களில் சில வாரங்கள் இருட்டு. பெட்ரோல் பங்கில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. செல்போன் சார்ஜ் போட ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். நமது சங்கத்தைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாள் காப்பாற்றினார். மூன்றாம் நாள் ஐஸும் கிடைக்கவில்லை. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. போன பணத்தைவிட, ஊசி கேட்டு வந்த பெரியவர்களைத் திருப்பி அனுப்பியதுதான் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2024-ல் நமது இளைய மகன் மின்சாரக் கார் வாங்கியபோது நாம் சம்மதிக்கவில்லை. "சுமார் 15 லட்சத்தை ஒரே இடத்தில் முடக்குகிறாயே, அதைச் சரக்கில் போட்டால் வருடத்துக்கு எத்தனை முறை சுற்றும்?" என்று கேட்டோம். அவன் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தக் காரிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் வெளியே எடுக்கலாம் என்பது. விற்பனையாளரிடம் அதைப் பற்றிக் கேட்டோம். அவருக்கே விவரம் தெரியவில்லை. அதற்கான அடாப்டர் தனி விலை என்பதும் டெலிவரி அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்ற ஆண்டு நமது தெரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை வரை கரண்ட் இல்லை. காரைக் கடை வாசலில் நிறுத்தி, அடாப்டரில் எக்ஸ்டென்ஷன் போர்டைச் சொருகினோம். பில் போடும் கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக் தராசு, நான்கு ஃபேன், விளக்குகள் ஓடின. மேற்படி மருந்துக்கடை நமக்கு அடுத்த கட்டடம்தான். அவரது ஃபிரிட்ஜுக்கும் ஒரு வயர் கொடுத்தோம். சத்தமில்லை, புகையில்லை. தொடங்கும்போது பேட்டரியில் 92 சதவீதம் இருந்தது, முடியும்போது 73. அதாவது 45 யூனிட் பேட்டரியில் சுமார் எட்டரை யூனிட் செலவு. அன்றைக்கு மகனிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

அந்தக் கணக்கு இதுதான். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட்; கைக்குக் கிடைப்பது அதற்கும் குறைவு. காரின் பேட்டரியோ 30, 45 யூனிட் கொள்ளும். நான்கு ஃபேன் பத்து மணி நேரம் ஓட 3 யூனிட், ஃபிரிட்ஜுக்கு ஒன்றரை, விளக்கு, டி.வி., செல்போன் எல்லாம் சேர்த்து அரை. ஆக நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட் போதும். ஏ.சி. போட்டால் இந்தக் கணக்கு நிற்காது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று இரவு முழுவதும் ஓடினால் அதுவே எட்டு யூனிட் வரை இழுத்துவிடும்.

காரிலிருந்து எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்பது வேறு விஷயம். 2023 செப்டம்பரில் வந்த புதிய டாடா நெக்ஸான் மின்காரில் 3.3 கே.வி.ஏ. வரை எடுக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் இங்கே வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5-ல் சுமார் 3.6 கிலோவாட். எல்லா மாடல்களிலும் இந்த வசதி கிடையாது. உயர்ந்த விலை ரகங்களில் மட்டும் வைத்திருப்பார்கள். மேலும் இது சிங்கிள் ஃபேஸ். மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கும் மாவுமில், செக்கு, லிஃப்ட், பெரிய குளிர்பதன அறை ஆகியவற்றுக்கு இது உதவாது. தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைச் சக்தியானாலும் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதை வயர்மேனைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி ரூபாய்க் கணக்கு. சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் தரும். டீசல் 90 ரூபாய் என்று வைத்தாலும் யூனிட் 30 ரூபாய். கடை இணைப்பில் காரை சார்ஜ் செய்தால் யூனிட் சுமார் 10 ரூபாய். ஏற்றி இறக்கும் சேதாரம் சேர்த்து 12 ரூபாய். ஆக யூனிட்டுக்கு 18 ரூபாய் லாபம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதைய நிலையில் வருடத்துக்கு 100 மணி நேரம் கரண்ட் போனால், நம்மைப் போன்ற கடைக்கு ஆகும் செலவு 50 யூனிட். மொத்த மிச்சம் 900 ரூபாய்! 900 ரூபாய்க்காக 15 லட்சம் ரூபாய் வண்டி வாங்கச் சொல்பவன் வியாபாரியாக இருக்க மாட்டான்.

ஆகவே நமது முதல் கருத்து: கரண்டுக்காக மட்டும் கார் வாங்காதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் தேவைப்படுபவர் ஜெனரேட்டரை விற்க வேண்டாம். ஆனால் எப்படியும் வண்டி வாங்கப் போகிறவர், இந்த பிளக் இருக்கிறதா, எத்தனை கே.வி.ஏ., அடாப்டர் விலை என்ன, இப்படிப் பயன்படுத்தினால் பேட்டரி உத்தரவாதம் செல்லுமா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார் பற்றியும் கேட்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா பிரியஸ், மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்ற வண்டிகளில் 1,500 வாட் பிளக் வைத்து விற்றார்கள். பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் தானே கிளம்பி நிரப்பிக்கொள்ளும். நம் ஊரில் 2022 முதல் ஓடும் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட்களின் பேட்டரி முக்கால் யூனிட்தான் கொள்ளும். இன்வெர்ட்டர் பேட்டரியைவிடச் சிறியது. சிலர் காரின் 12 வோல்ட் பேட்டரியில் சிறிய இன்வெர்ட்டர் மாட்டி விளக்கு எரிக்கிறார்கள். இரண்டு விளக்குக்கும் செல்போனுக்கும் சரி, ஃபிரிட்ஜுக்கு வேண்டாம். எஞ்சின் ஓடும் வண்டியை மூடிய போர்ட்டிகோவிலோ குடோனிலோ நிறுத்தி இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகைக்கு வாசனையே இல்லாத விஷம் உண்டு.

அப்படியானால் மின்காரின் உண்மையான பயன் எங்கே? ஆபத்துக் காலத்தில்தான். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் தாக்கியபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. பல இடங்களில் கரண்ட் முதலில் திரும்பியது. அப்போது நிசானும் மிட்சுபிஷியும் கொடுத்த மின்கார்கள் நிவாரண வேலைக்கு ஓடின. மறு ஆண்டே, லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை நிசான் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019 செப்டம்பரில் சிபா மாநிலத்தில் புயலடித்து நாட்கணக்கில் கரண்ட் போனபோதும் மின்கார்களை அனுப்பி மின்சாரம் கொடுத்தார்கள்.

கஜா போல இன்னொன்று வந்தால் நமக்கும் அது பொருந்தும். பட்டுக்கோட்டையில் கரண்ட் இல்லை, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 45 யூனிட் கார் அங்கே போய் நிரப்பிக்கொண்டு வர 8 யூனிட் செலவு, அடுத்த முறை போக 8 யூனிட், கையிருப்பாக 7 யூனிட். மீதி 22 யூனிட் ஊரில் இறக்கலாம். தண்ணீர் லாரி தண்ணீர் கொண்டுவருவது போலத்தான். வழிச் சேதாரம் அதிகம்தான். ஆனால் அந்த 22 யூனிட் நான்கு வீட்டுக்கு ஒரு நாள், அல்லது ஒரு மருந்துக்கடை ஃபிரிட்ஜுக்குப் பத்து நாளுக்கு மேல் வரும்.

ஒன்று மறக்கக் கூடாது. புயல் என்றால் வெள்ளமும் உண்டு. மின்காரின் பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலின் கடல்நீர் புகுந்த மின்கார்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை முழுதாக சார்ஜ் செய்து மேட்டில் நிறுத்த வேண்டும். நனைந்த வண்டியைக் குடோன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

இனி நாம் எழுதத் தயங்கிய ஒரு விஷயம். கஜாவுக்குப் பிறகு ஆறாம் நாள், வாடகை ஜெனரேட்டரைக் குடோன் சுவரில் இருந்த பிளக்கிலேயே சொருகி விளக்கு எரித்தோம். மெயினை இறக்கச் சொன்னோம். இறக்கியதாகப் பையன் சொன்னான். நாம் போய்ப் பார்க்கவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாக வெளிக் கம்பிக்குப் போய்விட்டது. பக்கத்து இணைப்புகள் எல்லாம் அறுந்து கிடந்ததால் ஜெனரேட்டரும் நிற்கவில்லை. நமக்குக் கரண்ட் கொண்டுவர வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு லைன்மேன் கம்பத்தில் இருந்தார். உதறி எறிந்தது. இடுப்புக் கயிறு அவரைக் காப்பாற்றியது. இறங்கி வந்த அந்தப் பிள்ளை நம்மைத் திட்டக்கூட இல்லை, தண்ணீர் கேட்டார். அவர் கை நடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்படிப் பின்னால் போகும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக மாறும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஜெனரேட்டருக்கு உள்ள இந்த ஆபத்து காருக்கும் அப்படியே உண்டு. ஜெனரேட்டராவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், கார் அதையும் செய்யாது. காரின் பிளக்கிலிருந்து தனி எக்ஸ்டென்ஷன் போர்டில் சாமான்களை நேராக மாட்டுங்கள். கடை வயரிங்கோடு சேர்க்க வேண்டுமானால், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைத்த பிறகே சேருங்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயர் உங்கள் கடையில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

இன்னொரு சிக்கல், வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்து கடைக்குக் கரண்ட் எடுப்பது. ஒரு தேவைக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கலாம். கார் வழியாக வந்தது என்று அதிகாரியிடம் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, கடை உபயோகத்துக்குக் கடை இணைப்பிலேயே சார்ஜ் செய்வது நிம்மதி.

சங்கம் செய்ய வேண்டியதாக நாம் கருதுபவை நான்கு.

ஒன்று, ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைத்துள்ள ஒவ்வொரு உறுப்பினர் கடையிலும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கும் முகாம் நடத்த வேண்டும்.

இரண்டு, மின்சாரம் தரும் வண்டி யார் யாரிடம் உள்ளது என்று பட்டியல் எடுத்து, புயல் காலத்தில் முதலில் மருந்துக்கடை, அடுத்து பால், அதன் பிறகு பொதுமக்களின் செல்போன் என்று முன்கூட்டியே முறை வகுக்க வேண்டும்.

மூன்று, சிறிய சரக்கு வண்டிகளிலும் இந்த பிளக் வசதியை வைக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டும். 2022-ல் வந்த டாடா ஏஸ் மின்வண்டியின் பேட்டரியே 21.3 யூனிட். சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் வரவில் எடுத்துக்கொள்ளலாம். சொந்த உபயோகக் காருக்கு அது இல்லை. வணிகனுக்குப் பொருத்தமான வண்டி அதுதான்.

நான்கு, வண்டியிலிருந்து கடைக்கு எடுக்கும் மின்சாரத்துக்குத் தெளிவான விதி வேண்டும் என்று மின்வாரியத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

அந்த இளம் உறுப்பினருக்கு நமது பதில் இதுதான்: தம்பி, ஜெனரேட்டரை விற்க வேண்டாம். கார் வாங்குவது என்று முடிவானால் பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் முதல் செலவாகச் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பெயரைச் சங்கப் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்கிறோம்.