மழைக்காலத் தோட்டச் சாலையும் மாற்றிப் பூட்டிய அப்சாபரும்: செலவு யார் தலையில்?

சிரம்பான் – வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் என்பது ஆண்டுதோறும் கேட்கும் அறிவிப்பு. நெகிரி செம்பிலானில் அதற்கு முன்பே, அக்டோபர் மாத மாலை இடிமழை தோட்டச் சாலைகளைக் குதறத் தொடங்கிவிடுகிறது. பகாவ், ரந்தாவ், லிங்கி, கெமெஞ்சே வட்டாரங்களில் உள்ள மோட்டார் பட்டறைகளுக்கு இதுதான் ‘அப்சாபர் சீசன்’. எண்ணெய் கசியும் அப்சாபர், கிழிந்த ரப்பர் புஷ், ஒடிந்த ஸ்பிரிங், ஒருபக்கமாகத் தேய்ந்த டயர் என்று காடிகள் வந்து நிற்கும்.

இவற்றில் தொழிற்சாலையில் பூட்டி வந்த அசல் பாகங்களும் உண்டு. பிறகு வெளியில் வாங்கிப் பூட்டிய ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங், கோயில் ஓவர், உயர்த்தும் கிட் போன்றவையும் உண்டு. இரண்டாம் வகையில்தான் மக்களின் பணம் அதிகம் வீணாகிறது. காசைப் போட்டு மாற்றியவர்களில் பலருக்கு, மழைக்காலத்தில் அதைப் பாதுகாப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தோட்டத்தில் காடி ஆடம்பரப் பொருள் அல்ல. பேருந்து உள்ளே வராத இடத்தில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கும், பெரியவரை சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் அப்பாவை செனவாங் தொழிற்சாலை ஷிப்ட்டுக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். நான்கு அப்சாபர், மவுண்டிங், புஷ், கூலி, அலைன்மெண்ட் என்று கூட்டினால் அந்தச் சம்பளத்தில் பெரும் பகுதி ஒரே நாளில் போய்விடும்.

பனி நாட்டில் உப்பு, இங்கே உரம்

குளிர் நாடுகளில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் காடியின் அடிப்பாகத்தில் ஒட்டி இரும்பை அரிக்கிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கோயில் ஓவரின் மரைகள் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. அலுமினிய வளையம் இரும்பு உடலோடு சேரும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இதனால் அந்த நாட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்கு முன்பே மரைகளைத் துலக்கி, மெழுகு பூசி, உறை மாட்டுகிறார்கள்.

நம் நாட்டில் பனி இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது. செம்பனைக்குப் போடும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். உர மூட்டை ஏற்றும் ஹைலக்ஸ், டிரைட்டன் வண்டிகளில் சிந்திய உரம் மழையில் கரைந்து லீஃப் ஸ்பிரிங் இடுக்கிலும் சேசிஸ் மூலையிலும் இறங்குகிறது. போர்ட்டிக்சன் கடற்கரையோரம் வசிப்போருக்குக் கடல் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

உப்பைவிடப் பொதுவான எதிரி செம்மண். மழையில் குழம்பாகித் தெறிக்கும் இந்தச் சேற்றில் நுண்மணல் கலந்திருக்கிறது. அப்சாபரின் பளபளப்பான தண்டில் அது காய்ந்து ஒட்டிக்கொண்டால், தண்டு மேலும் கீழும் ஓடும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீலை உரசுகிறது. சீல் கிழிந்தால் எண்ணெய் வெளியேறும். அதன்பிறகு அந்த அப்சாபரால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க முடியாது. ஈரமான, மேடு பள்ளமான சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும்.

தாழ்த்திய மைவி, உயர்த்திய ஹைலக்ஸ்

இளைஞர்கள் மைவி, வீரா, சாகா வண்டிகளைத் தாழ்த்துவது அழகுக்காக மட்டும் அல்ல; வளைவில் காடி சாயாமல் ஓட வேண்டும் என்பதும் ஒரு காரணம். சிரம்பான் – போர்ட்டிக்சன் நெடுஞ்சாலையில் அது நன்றாகவே இருக்கும். தோட்டத்துக்குள் கணக்கு மாறிவிடுகிறது. 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், குழியில் விழும்போது சக்கரம் மேலேறுவதற்கான இடத்தில் ஏறக்குறைய அதே அளவு போய்விடுகிறது. நான்கு பேர் ஏறினால் மிச்சமும் குறையும். பிறகு ஒவ்வொரு குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் அடி நேராக அப்சாபருக்கும் மவுண்டிங்குக்கும் போகிறது. சில பட்டறைகளில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப்பை வெட்டி, தூசி உறையைக் கழற்றி எறிந்து விடுகிறார்கள். சேற்றுக்கு வாசலைத் திறந்து வைப்பது இதுதான்.

உயர்த்திய பிக்அப் வண்டிகளுக்கு வேறு சிக்கல். உயரம் கூடினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூர்மையாகி, சிவி ஜாயிண்ட்டின் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிழிந்த உறைக்குள் செம்மண் தண்ணீர் புகுந்தால் ஜாயிண்ட் அதிக நாள் தாங்காது. வண்டியின் புவியீர்ப்பு மையமும் மேலே போவதால், புக்கிட் புத்துஸ் போன்ற வளைவுச் சாலைகளில் பழைய வேகம் பாதுகாப்பாகாது.

ஆப்கட் பாகம் வாங்குவோர் கவனத்துக்கு

ஜப்பானிலிருந்து வரும் ‘ஆப்கட்’ வண்டிகளில் கழற்றிய அப்சாபர்கள் மலிவு என்பதால் பலரும் தேடி வாங்குகிறார்கள். ஜப்பானின் வடபகுதியான ஹொக்காய்டோவிலும் தொஹொக்குவிலும் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவப்படுகிறது. அந்தப் பாகம் எந்த ஊரில் ஓடியது என்பது கடைக்காரருக்கும் பெரும்பாலும் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டில் துரு செதில் செதிலாக உரிகிறதா, தண்டில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டில் நகத்தை ஓட்டினால் எங்காவது தட்டினாலே அது புதிய சீலையும் கிழித்துவிடும். மேலே கறுப்புச் சாயம் புதிதாக அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலாவது, கழுவுவது. சேறு காய்வதற்குள் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் சக்கர வளைவின் உட்பகுதியையும் அடிப்பாகத்தையும் கழுவினால் போதும். அதிக அழுத்தத் துப்பாக்கியை சீலுக்கும் ரப்பர் உறைக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. அது மணலை உள்ளேயே தள்ளிவிடும். உர மூட்டை ஏற்றிய நாளில் கழுவாமல் வண்டியை நிறுத்தவே கூடாது.

இரண்டாவது, கோயில் ஓவர் வைத்திருப்போர் மழைக்கு முன்பே மரைகளைப் பிரஷ்ஷால் துலக்கி, நன்றாக உலர்த்தி, மெழுகு அல்லது உலர்வகைப் பாதுகாப்பு ஸ்பிரே பூச வேண்டும். பிசுபிசுப்பான கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் வகை கிரீஸ் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். உறை மாட்டியிருந்தால் அதற்குள் சேறு தேங்காமல் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் அதை மழைக்காலத்தில் பயன்படுத்த வேண்டும். நான்கு மாதங்களுக்குக் காடியைச் சற்று உயர்த்தி, அலைன்மெண்ட் பார்த்து ஓட்டினால் அப்சாபரும் டயரும் பிழைக்கும்.

நான்காவது, பட்டறையில் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது காடி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். அப்சாபரை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். “அண்ணே, கசியிறத மட்டும் மாத்துங்க, இன்னொன்னு அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்பது பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள். கையில் காசு இல்லாத நிலை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் ஒருபக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாக ஓடும் காடி ஈரச்சாலையில் ஆபத்து.

சட்டமும் காப்புறுதியும்

பழுதான அப்சாபருக்குப் பதில் அதே அளவிலான வேறொரு நிறுவனத்தின் அப்சாபரைப் பூட்டுவது பராமரிப்பு. காடியின் உயரத்தையும் கட்டமைப்பையும் மாற்றுவது வேறு விஷயம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அத்தகைய மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவைப்படும். சாலைத் தடுப்புச் சோதனையில் சம்மன் கிடைப்பதைவிடப் பெரிய இடி காப்புறுதியில் வரலாம். தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பிறகு சொந்த வாகனச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க இடமுண்டு. ஏழாண்டு, ஒன்பதாண்டுத் தவணை இன்னும் முடியாத காடிக்கு அந்த நிலை வந்தால் குடும்பமே தடுமாறும். மாற்றுவதற்கு முன் ஜேபிஜேயிடமும் காப்புறுதி முகவரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சாலை யாருடையது?

இவ்வளவும் காடிக்காரரின் பங்கு. மறுபாதி சாலைக்குரியது. பொதுச்சாலையில் குழி என்றால் பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலியில் 2023 முதல் புகார் செய்ய வழி இருக்கிறது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு மாரிஸ் முறையின் கீழ் நிதி தருகிறது; ஆனால் அந்தப் பதிவேட்டில் இருக்கும் சாலைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் சாலை நிறுவனத்தின் தனிச்சொத்து. செம்பனைக் குலை லாரி ஓடும் தடத்தை நிர்வாகம் சமன் செய்கிறது. அறுவடை நின்ற பக்கத்தில் இருக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் போகும் தடம் அப்படியே கிடக்கும்.

சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் மலேசிய விஷன் வேலித் திட்டத்தின் கீழ் தோட்ட நிலங்கள் மேம்பாட்டுக்கு மாறி வரும் காலம் இது. நிலம் கைமாறும் இடைக்காலத்தில் சாலையைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் நெகிரி செம்பிலானும் பாதிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டியதும் இதே தடத்தில்தான்.

தனித்தனியாகப் புலம்புவதில் பயனில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், தொழிற்சங்கக் கிளை ஆகியவை சேர்ந்து, குழியின் படமும் தேதியும் வைத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே மனுவைக் கொடுக்கலாம். பொதுப்பள்ளிக்குப் போகும் தடத்தையாவது பொதுச்சாலையாகப் பதிவு செய்யக் கேட்பது நியாயமான கோரிக்கை. பதிவு கிடைத்தால் பராமரிப்பு நிதிக்கு வழி பிறக்கும்.

அப்சாபரில் மெழுகு பூசுவது ஒரு மழைக்காலத்தைக் கடத்த உதவும். சாலை பதிவேட்டில் ஏறினால், பிள்ளைகள் காலத்திலாவது அந்தச் செலவு வீட்டு வரவு செலவிலிருந்து இறங்கும்.