பதினொரு வயதுக்கு ஒரு தமிழ் நாவல்

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழில் என்ன கதைப் புத்தகம் வாங்கித் தரலாம் என்று தாம்பரம் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் மூன்றுக்குள் அடங்கிவிடும்: அம்புலிமாமா, வாண்டுமாமா, பொன்னியின் செல்வன். மூன்றும் சொல்பவர் தம் சிறுவயதில் படித்து மகிழ்ந்தவை. அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா நின்று பல ஆண்டுகளாகின்றன. அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு 1972-இல் வந்த கோகுலமும் இப்போது அச்சில் இல்லை. வாண்டுமாமாவின் கதைகள் மறுபதிப்பில் கிடைக்கின்றன. விறுவிறுப்பில் இன்றும் சோடை போகாதவை. பொன்னியின் செல்வனோ 1950 முதல் 1954 வரை கல்கி வாரந்தோறும் எழுதிய, ஐந்து பாகத் தொடர்கதை. 2022-இல் படம் வந்தபோது அந்த ஐந்தையும் வாங்கிய வீடுகள் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் ஏராளம். பல வீடுகளில் அவை ஷோகேஸை விட்டு இறங்கவே இல்லை.

ஏன் இறங்கவில்லை? பிள்ளைக்குப் படிக்கும் ஆர்வமே இல்லை என்று பெற்றோர் முடிவுகட்டுகிறார்கள். அதே பிள்ளை ஆங்கிலத்தில் 'விம்பி கிட்' வரிசையை ஒரே மூச்சில் முடிக்கிறது. ஜெரோனிமோ ஸ்டில்ட்டனுக்கு அடம்பிடிக்கிறது. ஆக, ஆர்வம் இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில்.

புறநகரின் தனியார் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம், அவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்பித்தல் சட்டத்தால் எழுத்து தெரிகிறது. மனப்பாடச் செய்யுள் தெரிகிறது. வீட்டில் சரளமாகப் பேசுகிற குழந்தை, அச்சடித்த தமிழைப் பார்த்ததும் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறது. படிக்கும் வேகம் ஏழு வயதுக்குரியது, மனசோ பதினொன்று. வேகத்தைப் பார்த்துப் படக்கதை வாங்கித் தந்தால், "இது பாப்பா புக்" என்று முகம் சுளிக்கும். மனசைப் பார்த்துக் கல்கியைத் தந்தால் முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரையிலேயே களைத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே, நூறு பக்கத்துக்குள், பேச்சுத் தமிழ் உரையாடலோடு, நிஜமான ஒரு சங்கடத்தைப் பேசும் நாவல்தான் இந்த வயதுக்கு வேண்டும். நீதிக்கதைத் தொகுப்பு அந்த வேலையைச் செய்யாது. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் கதையில் ஒரு பாத்திரத்தோடு கூடவே நடந்து பழக நேரம் ஏது?

இப்படிப்பட்ட நாவல்கள் தமிழில் இல்லை என்பது பத்துப் பதினைந்து வருடப் பழைய புகார். இன்று வந்துவிட்டன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஒரு சிறுமியோடு பேசத் தொடங்கும் மரப்பாச்சிப் பொம்மையின் கதை. விளையாட்டாகத் தொடங்கி, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் என்ற, பெரியவர்களே வாய்திறக்கத் தயங்கும் இடத்துக்குப் போகிறது. 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பெற்றோர் பலர் பின்னட்டையைப் படித்துவிட்டு, "இந்த வயசுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று திருப்பி வைத்துவிடுவார்கள். இந்த வயசுக்குத்தான் இது. அடுக்ககத்து லிஃப்டிலும் டியூஷன் வீட்டிலும் தனியாக நடமாடத் தொடங்கும் வயது அல்லவா? அதே பாலபாரதியின் 'ஆமை காட்டிய அற்புத உலகம்' கடலுக்கடியில் சுற்றிக் காட்டுகிறது. பயந்த பெற்றோர் அதிலிருந்து தொடங்கலாம்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் அதே விருதைப் பெற்றது. கீழடியைக் களமாகக் கொண்டது; அங்கே பானையோட்டில் கிடைத்த ஆதன் என்ற பெயர் ஒரு சிறுவனாகி உயிர்பெற்று வருகிறது. அகழாய்வு என்றாலே தேர்வில் மூன்று மதிப்பெண் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு இது வேறொரு வாசல். அடுத்த ஆண்டு யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' கதைத் தொகுப்பு, 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று பட்டியல் வளர்கிறது. விழியனின் 'மாகடிகாரம்' இருக்கிறது. யூமா வாசுகி மலையாளத்திலிருந்து கொண்டுவந்த 'மாத்தன் மண்புழு வழக்கு' இருக்கிறது. டோட்டோ-சானை மறக்க முடியுமா? ஜப்பானியச் சிறுமியும் ரயில்பெட்டி வகுப்பறையும் மின்சார ரயில் சத்தத்தில் தூங்கி எழும் தாம்பரத்துப் பிள்ளைக்கு அந்நியமே அல்ல. 

எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய சிறார் நாவல்களில் பலவற்றுக்கு ஒரு வியாதி: கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு டீச்சரோ தாத்தாவோ நுழைந்து சுற்றுச்சூழல் பற்றிப் பாடம் நடத்திவிடுவார். பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவர்கள் விவரமானவர்கள். சிரிப்பும் குறைவு. தமிழ்ச் சிறார் எழுத்தில் குறும்பு செய்யும் பிள்ளை கடைசியில் திருந்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நம் பகுதியை வைத்து எழுதவும் ஆள் வேண்டும். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது. அதே ஊரில் இன்று வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓட்டை மிக்சியும் பழைய சைக்கிளும் புறாவும் விற்கிறார்கள். அந்தச் சந்தையில் ஒரு பையன் கையில் ஒரு கல் சிக்குகிறது என்று தொடங்கினால் போதாதா? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியபோது மாடியிலிருந்து படகில் இறங்கிய குழந்தைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதட்டும். கீழடிப் பிள்ளைக்குக் கிடைத்த நாவல் பல்லாவரத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

புத்தகம் போய்ச்சேரும் வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வந்தன. அடுத்த ஆண்டு வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னஞ்சிறு புத்தகங்களைத் தந்தது. படிக்கும் வேகத்தைப் பிள்ளையின் வகுப்போடு முடிச்சுப் போடாத அந்த ஏற்பாடு மிகச் சரியானது. லட்ச ரூபாய் கட்டணம் கட்டும் பள்ளியின் பிள்ளைக்கோ இதில் எதுவும் இல்லை. அங்கே தமிழ்ப் புத்தகம் என்றால் பாடநூலும் கோனார் உரையும்தான்.

மிச்சமிருப்பது கிளை நூலகம். இந்தப் பக்கத்து நூலகம் ஒன்றில் குழந்தைகள் அலமாரியைப் பார்த்தேன்: தெனாலிராமன் மூன்று பதிப்பு, அக்பர்–பீர்பல், திருக்குறள் நீதிக் கதைகள், விஞ்ஞானிகள் வரலாறு, போட்டித் தேர்வுக்கான பொது அறிவு. மேலே சொன்ன நாவல்களில் ஒன்றுகூட இல்லை. அலமாரிக்கு எதிரே பெரியவர்கள் நாளிதழ் படிக்கும் மேசை. பிள்ளை உட்கார இடமில்லை. நூலகரைக் குறைசொல்லிப் பயனில்லை. வந்து கேட்டவர்கள் இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

நாம் சும்மா கேட்கவும் வேண்டியதில்லை. இந்தியாவிலேயே முன்னோடியான 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நம்மிடம் வசூலாகிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் வீடு வைத்திருப்பவர்கள் கட்டும் பணம் அது. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே இருக்கும். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராக்குங்கள். மேலே சொன்னவற்றில் நான்கு தலைப்புகளை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்து, வாசகர் வட்டத்திலும் சொல்லிவையுங்கள். வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் ஒன்றை வாங்கி, முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களே இரவில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.