பெய்ன் போட்ட பிசினஸ் பிளான்

காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் ஒருவழியா முடிஞ்சுது. அந்த சந்தோஷத்துல ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒண்ணை இன்னைக்கு எழுதிடுறேன். (நருட்டோ ஷிப்பூடென் இன்னும் பார்க்காதவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடுங்க. முழுக்கதையையும் போட்டு உடைக்கப் போறேன்.)

எங்க செட்ல அனிமே பேச்சு வந்தா எப்படியும் பெய்ன்ல வந்துதான் நிக்கும். வந்தா ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான், "மச்சி, அதே சோக ஃபிளாஷ்பேக்தான்டா. அப்பா அம்மா செத்துட்டாங்க, கெட்டவனாயிட்டான். நம்ம தமிழ்ப்படத்துல பார்க்காததா?"

இதை ஒத்துக்க முடியல. அப்பா அம்மா இல்லாததுதான் காரணம்னா அந்தக் கதையில பாதிப் பேர் வில்லனா இருக்கணும். நருட்டோவுக்கே அப்பா அம்மா கிடையாது. இருக்காவுக்குக் கிடையாது. ககாஷிக்குக் கிடையாது. எல்லாருக்கும் இழப்பு இருக்கு, எல்லாரும் ஊரைத் தரைமட்டமாக்கக் கிளம்பல. அப்போ நாகாட்டோவுக்கு மட்டும் என்ன ஆச்சு?

முதல்ல அவன் பொறந்த இடத்தைப் பாருங்க. அமேககுரே, மழை விடாம பெய்யுற ஒரு சின்ன ஊர். சுத்தி நெருப்பு நாடு, காத்து நாடு, மண் நாடுன்னு மூணு பெரிய தலைங்க. பெரியவங்க அடிச்சுக்கிட்டா அவங்க வீட்டுக்குள்ள அடிச்சுக்க மாட்டாங்க, இவங்க வாசல்லதான் அடிச்சுக்குவாங்க. அப்படி ஒரு சண்டைக்கு நடுவுல சாப்பாடு தேடி வீட்டுக்குள்ள புகுந்த ரெண்டு கொனோஹா நிஞ்சாக்கள், இருட்டுல எதிரின்னு நினைச்சு அவன் அப்பா அம்மாவைக் கொன்னுடுறாங்க. பழிவாங்கல் இல்ல, சதி இல்ல. தப்பா நினைச்சுட்டாங்க, அவ்ளோதான். நாம ஹீரோ ஊர்னு கொண்டாடுற கொனோஹா அவனுக்கு அறிமுகமானதே இப்படித்தான்.

அப்புறம் ஜிராயா. இவரும் அதே கொனோஹாக்காரர். அனாதையா நின்ன மூணு பிள்ளைங்களையும் பார்த்து, கஷ்டப்படாம கொன்னுடலாமான்னு ஒரோச்சிமாரு கேட்கிறான். ஜிராயா மறுத்துட்டு, கூடவே தங்கி மூணு வருஷம் சொல்லிக் கொடுக்கிறார். அதனால கொனோஹாக்காரன்னாலே கெட்டவன்னு நாகாட்டோவால நினைக்கவே முடியாது. அவன் வெறுப்பு அவ்வளவு சுலபமானது இல்ல.

என்னைப் பொறுத்தவரைக்கும் அவனை மாத்தினது யாஹிகோ சாவுதான். அதுவும் அந்த சாவு நடந்த விதம். அகாட்சுகி ஆரம்பத்துல சண்டை இல்லாம அமைதி கொண்டு வரணும்னு கிளம்பின கூட்டம். ஊர்த்தலைவன் ஹான்ஸோ பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுறான், நம்பிப் போறாங்க. அங்க போனா கொனோஹாவோட டான்ஸோ ஆளுங்களும் சேர்ந்து நிக்கிறாங்க. கோனனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, யாஹிகோவைக் கொல்லுன்னு நாகாட்டோகிட்ட சொல்றாங்க. அவன் கையில குனாய் நடுங்குது. யாஹிகோ தானா ஓடிவந்து அதுல விழுந்து சாகுறான்.

அப்பா அம்மா செத்தது போர்ல. யாஹிகோ செத்தது சமாதானம் பேசப்போன இடத்துல. முதலாவதுல இருந்து அவன் அழக் கத்துக்கிட்டான். ரெண்டாவதுல இருந்து, பேசப் போறவன்தான் முதல்ல சாவான்னு கத்துக்கிட்டான். சோகம் மட்டும் ஒருத்தனை வில்லனாக்கிடாது. சோகத்துல இருந்து அவன் என்ன கணக்குப் போடுறான்கிறதுதான் விஷயம்.

கணக்குன்னு சொன்னேனே, இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம் :-) அகாட்சுகி ஆளுங்ககிட்ட பெய்ன் ஒரு திட்டம் சொல்லுவான், ஞாபகம் இருக்கா? பலர் அதை ஓட்டிவிட்டுட்டுப் போயிருப்பீங்க. முதல்ல காசு சேர்க்கணும் (அதுக்குத்தான் ககுஸு). அப்புறம் எந்த ஊருக்கும் சேராத கூலிப்படையா மாறி, மார்க்கெட் ரேட்டை விடக் குறைச்சலான கூலிக்குப் போர் வேலை எடுக்கணும். எல்லா வேலையும் இவங்ககிட்டயே வரும், நிஞ்சா ஊருங்க வருமானம் இல்லாம சாயும். கடைசியில போர்னா இவங்க மட்டும்தான். முதல்தடவை பார்த்தப்போ எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். பக்கா பிரிடேட்டரி பிரைசிங்! போர் இல்லாத காலத்துலயும் நிஞ்சா படையை வச்சு சோறு போடணும், அது ஃபிக்சட் காஸ்ட். வேலை வராட்டி அந்தச் செலவே ஊரை முழுங்கிடும். பெரிய நாடுகளோட வீக் பாயின்ட்டை அவன் சரியா பிடிச்சிருக்கான்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சு? அதைத்தான் நருட்டோகிட்ட சொல்லுவான். பெரிய நாடுங்க தங்க லாபத்துக்காகவும் நிஞ்சாக்களுக்கு வேலை வேணும்னும் சண்டை போட்டுச்சு, சண்டைக்களம் எங்க ஊரு, அவங்க நிமிர்ந்துட்டாங்க, நாங்க நாசமானோம்னு. கொலைகாரன் வாயில இருந்து வருதுங்கிறதுக்காக இது பொய்யாயிடுமா?

அவன் போடுற தீர்வுதான் பயங்கரம். ஒரு நொடியில ஒரு நாட்டை அழிக்கிற ஆயுதம் செஞ்சு நாடுங்க கையில கொடுப்பானாம். ஒருதடவை பயன்படுத்தி வலியை உணர்ந்தா அந்தப் பயத்துல கொஞ்ச காலம் அமைதி இருக்கும். மறந்துட்டா திரும்பவும் பயன்படுத்துவாங்க, திரும்பவும் அமைதி. 1945-ல ஹிரோஷிமா, நாகசாகி ரெண்டையும் பார்த்த நாட்டுல வந்த கதை இது. கிஷிமோட்டோவோட ஒகயாமா, ஹிரோஷிமாவுக்குப் பக்கத்து மாகாணம். அவர் அதை மனசுல வச்சுத்தான் எழுதினார்னு நான் சொல்ல வரல. ஆனா கொனோஹா இருந்த இடத்துல ஒரு பெரிய பள்ளம் மட்டும் தெரியுற அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு வேற எதுவும் தோணல.

ரெண்டு விஷயத்துல எனக்குக் கதை மேலயே கோவம் உண்டு. ஒண்ணு, பின்னாடி வர்ற ட்விஸ்ட். நாகாட்டோ கண்ணு மதாராவோடதாம், சின்ன வயசுலயே வச்சுட்டாங்களாம், ஒபிட்டோதான் பின்னாடி இருந்து ஆட்டினானாம். அட போங்கப்பா! மூணு நாடு சேர்ந்து உருவாக்கின ஒருத்தனை ரெண்டு பேர் செஞ்ச பொம்மையா சுருக்கிட்டாங்க. குத்தத்தை அவங்க தலையில போட்டாச்சு, நாடுங்க எல்லாம் தப்பிச்சாச்சு.

இன்னொண்ணு அதைவிடப் பெருசு. நருட்டோ பேசி முடிச்சதும் நாகாட்டோ மனசு மாறி, கொனோஹாவுல தான் கொன்னவங்களை உயிரோட எழுப்பிட்டுச் செத்துப்போறான். நானும் அழுதேன், மறைக்கல. நருட்டோகிட்ட பதில் இல்ல, ஜிராயா நம்பினதை நானும் நம்புறேன்னு மட்டும்தான் சொல்றான். அது நேர்மையான பேச்சு. ஆனா கொஞ்ச நாள்லயே அஞ்சு காகேக்கள் கூடிப் பேசுறாங்க இல்லையா, அங்க அமேககுரேவுக்கு ஒரு நாற்காலி கூட கிடையாது. கொனோஹா நாற்காலியில உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? டான்ஸோ.