புலிக்கும் வைகைக்கும் என்ன சம்பந்தம்?

குட்டீஸ்... சித்திரைத் திருவிழாவில், கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக, தேனி மாவட்டத்தில் உள்ள வைகை அணையில் இருந்து தண்ணீர் திறந்து விடுகின்றனர். திருவிழா முடிந்து சில நாட்கள் கழித்து மதுரையில் போய்ப் பாருங்கள்... பல இடங்களில் வெறும் மணல் தான் தெரியும்!

ஆற்றுக்கு என்ன ஆயிற்று? விடை, தேனி மாவட்ட மலைகளில் இருக்கிறது.

வைகை அணை, 1959ல் திறக்கப்பட்டது. அதற்கு முக்கியமாக இரண்டு வழிகளில் தண்ணீர் வருகிறது. ஒன்று, முல்லைப் பெரியாறு அணையின் நீர். 1895ல் இருந்து, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியாக வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் பச்சைப் பசேல் என்று இருக்க, இதுவே காரணம்.

இன்னொன்று, வருசநாடு, மேகமலை காடுகளில் பிறக்கும், 'மூல வைகை!' இது தான் வைகையின் சொந்த ஊற்று. ஆனால், ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடப்பதும் இது தான்.

காரணம் தெரிய, ஒரு சின்ன சோதனை செய்யலாமா? இரண்டு தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புல் வளர்ந்திருக்க வேண்டும். மற்றது வெறும் மண். இரண்டையும் சற்று சாய்த்து வைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணில் விழுந்த நீர், சேறாக உடனே ஓடிவிடும். புல் உள்ள தட்டில் இருந்து, தெளிந்த நீர் மெல்ல மெல்ல வடியும்.

காடும் அப்படித்தான்! மழை நீரை வேரிலும், சருகிலும், மண்ணிலும் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் ஓடைகளுக்குக் கொடுக்கிறது. வருசநாடு பகுதியில் பல இடங்களில் காட்டை அழித்து, முந்திரி, இலவ மரங்கள் வளர்த்தனர். அதனால், மழை பெய்தால் திடீர் வெள்ளம், இல்லாவிட்டால் வறட்சி. அடித்து வரும் மண்ணோ, அணையின் அடியில் படிகிறது.

சரி... புலி எங்கே வந்தது?

கடந்த 2021 பிப்ரவரியில், மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகளை இணைத்து, புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. பரப்பளவு, 1,016 சதுர கி.மீ.,க்கு மேல். முதுமலை, ஆனைமலை, களக்காடு - முண்டந்துறை, சத்தியமங்கலத்துக்கு அடுத்து, தமிழகத்தின் ஐந்தாவது காப்பகம் இது.

மானும், காட்டுப்பன்றியும் அளவுக்கு மீறிப் பெருகினால், இளம் செடிகள் மிஞ்சாது. புலி இருந்தால், அவை அளவோடு இருக்கும். புலி வாழ வேண்டுமானால், பெரிய காடு வேண்டும். அந்தக் காட்டைக் காத்தால், ஆற்றின் ஊற்றும் பிழைக்கும்!

யானை, சிங்கவால் குரங்கு, நரை அணில், இருவாட்சிப் பறவை எல்லாம் இங்கு உண்டு. 1948ல், மேகமலையில் பிடிபட்ட ஒரு வவ்வாலை, சாதாரண பழந்தின்னி வவ்வால் என்றே நினைத்தனர். 1972ல் தான், அது உலகம் அறியாத புது இனம் என்று தெரிந்தது. பறவை அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினர்.

ஆனால் குட்டீஸ், இந்த மலைகளில் மனிதர்களும் வாழ்கின்றனர். தேன் எடுத்தும், கிழங்கு தோண்டியும் காட்டோடு வாழ்ந்தவர்கள், பளியர் பழங்குடியினர். பல தலைமுறைகளாக மலைமாடு மேய்ப்பவர்கள் உண்டு; பின்னாளில் வந்து விவசாயம் செய்பவர்களும் உண்டு. 2022ல், புலிகள் காப்பகங்களிலும், சரணாலயங்களிலும் கால்நடை மேய்க்க, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 'எங்கள் மாடுகளை எங்கே ஓட்டிச் செல்வது?' என்பது மேய்ப்பவர்களின் கவலை.

வன உரிமைச் சட்டம், 2006ல் வந்தது. காட்டை நம்பி வாழும் பழங்குடியினருக்கு அது உரிமை தருகிறது. மற்றவர்கள், 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது, 75 ஆண்டுகள் அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்கான காகிதம் ஒரு மலைக்கிராமத்து ஏழையிடம் இருக்குமா? யோசித்துப் பாருங்கள்!

காட்டை அழித்தால், கீழே ராமநாதபுரம் வரை உள்ள விவசாயிக்கு நஷ்டம். காட்டைக் காக்கிறோம் என்று, மலையில் உள்ளவரைத் திக்கற்றவராக விட்டால், அதுவும் நியாயம் ஆகாது. அவர்களுக்கு மாற்று வழி காட்டி, அவர்களையே காவலர்களாகவும் ஆக்கினால், புலியும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும். காட்டின் ஒவ்வொரு ஓடையும் அவர்களுக்குத் தானே தெரியும்!

இன்று, தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்... 'நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நம் ஊர் ஆற்றில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடியது?' பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் பெரியவர் ஆனதும், உங்கள் பேரக் குழந்தைகள் இதே கேள்வியைக் கேட்பர்!