குடிபுகுந்தால் கணக்குத் தீர்ந்ததா?

புதுமனையில் குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று என்றால், நம்மவரிடையே வழமையாக ஒன்று நிகழ்கின்றது. முகூர்த்தம் தவறலாகாது என்ற அவசரத்தில், எஞ்சிய பணம் முழுவதும் கொந்தராத்துக்காரர் கையில் சேர்ந்துவிடுகின்றது. பால் பொங்குகின்றது, உறவினர் வாழ்த்திச் செல்கின்றனர். அதன் பின்னரே யன்னலுக்குக் கொளுக்கி இல்லை, பின்சுவருக்குப் பூச்சு இல்லை, கூரைக்குப் பீலி இல்லை என்பன ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. கேட்கச் சென்றால், “குடிபுகுந்துவிட்டீர்களே, இனி என்ன?” என்பதே மறுமொழி.

இம்மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை. வீட்டிற் குடிபுகுதல் வேறு. வேலை முற்றுப்பெற்றதென ஒப்புக்கொள்ளுதல் வேறு. நம் நாட்டின் ஒப்பந்தங்களை ஆளும் உரோமன் டச்சுச் சட்டம், ஒரு பக்கத்தார் தம் கடமையை நிறைவேற்றாதவிடத்து மறுபக்கத்தாரும் தம் கடமையை நிறுத்திவைக்க இடமளிக்கின்றது. வழக்கிடுவதற்குக் காலவரை விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டால் 6 ஆண்டுகளும், வாய்ப்பேச்சிலான ஒப்பந்தம் மீறப்பட்டால் 3 ஆண்டுகளும் தருகின்றது. ஆகவே, பால் பொங்கிய அன்றே உரிமையும் ஆவியாகிவிட்டதென எவரும் மயங்க வேண்டியதில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரிந்த குறையைக் கண்டும் பேசாதிருந்தால், அம்மௌனமே பின்னர் நமக்கு எதிராக வாதிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலால் செய்யத்தக்கது யாது? இறுதித் தவணையைக் கொடுக்குமுன் கொந்தராத்துக்காரரையும் நடுநிலையான ஒருவரையும் உடன்வைத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். குறைகளை நிரல்பட எழுதி, முடிக்கவேண்டிய திகதியையும் குறித்து, இருபாலாரும் ஒப்பமிடல் வேண்டும். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 5 வீதமளவு பணத்தை ஓராண்டு வரை கையில் நிறுத்திவைப்பது நெடுநாளைய வழக்கு. அவ்வழக்கைச் சிறு வீட்டுக்கும் முன்கூட்டியே எழுதிக்கொள்வதில் தவறென்ன? திகதி கடந்தும் வேலை நடவாவிடின் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்கும் அசையாவிடின் வேறொருவரிடம் மதிப்பீடு பெற்று, பற்றுச்சீட்டுகளைப் பேணிவைத்து, மத்தியஸ்த சபையை நாடுதல். நீதிமன்றம் கடைசிப் படியே ஆகும்.

பிரதேச சபையின் அமைவுச் சான்றிதழை நம்மிற் பலர் வெறும் கடதாசியாகக் கருதுகின்றனர். சான்றிதழ் பெறாத கட்டடத்திற் குடியிருத்தலாகாது என்று 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே விதித்திருக்கின்றது. இறுதிப் பணத்தை அச்சான்றிதழோடு பிணைத்துவிட்டால் பாதிப் பிணக்கு எழாமலே போகும்.

இஃது ஒரு வீட்டுக்காரரின் சொந்தத் தலைவலிதானே என்று எண்ணுவோர் மலக்குழியைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளும் பொந்துகளும் எத்தகையன என்பதற்கு நிலாவரைக் கிணறே சாட்சி. அடித்தளமும் சுற்றுப்பூச்சும் இன்றி விடப்பட்ட குழியின் கழிவுநீர் மண்ணில் வடிகட்டப்படாமலே அயற்கிணற்றைச் சேரும். அந்நீரையே நாம் பருகுகின்றோம். அந்நீரையே தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். ஒருவர் அரைகுறையாய் விட்ட வேலை ஊரார் குடத்திற் சென்று முடிகின்றது.

கொந்தராத்துக்காரரும் மேசனும் நம்மவரே என்பதையும் கூறியாக வேண்டும். பொருளின் விலை ஏறிய சுமையைத் தொழிலாளியின் தலையில் இறக்குவது நியாயமன்று. 2021க்கும் 2022க்கும் இடையில் சீமெந்தின் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியதை யார் மறந்தார்? செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்கிட மேற்சொன்ன சட்டம் தொழிலாளிக்கு ஓராண்டே தருகின்றது. எனவே குறையைக் காட்டி முழுக் கூலியையும் மறுப்பதும் அநீதியே. குறையின் அளவுக்கே பணத்தை நிறுத்தலாம்; அதற்கு மேல் அன்று. எழுத்து இருபாலாரையும் காக்கும்.

தனியாருக்குச் சொன்ன இந்நியாயம் அரசுக்கும் பொருந்தும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில், 2012 ஒக்டோபர் முதல், வீட்டை இழந்த குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. பயனாளியே வீட்டைக் கட்டினார். அவ்வுதவியின் பெறுமதியை நாம் நன்றியோடு ஏற்கின்றோம். ஆனால் தொகை நிலைத்து நிற்க, விலையோ ஏறியது; எஞ்சிய வேலைக்குப் பலர் நகையை ஈடுவைத்தனர், கடன்பட்டனர். 2019 நவம்பரில் ஆட்சி மாறியபின், அரசின் மாதிரிக் கிராமத் திட்டத்தில் தவணைப் பணம் நின்று, அரைச்சுவரோடு நின்ற வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. திறப்பு விழாவின் கல்வெட்டு வீடுகளை எண்ணுகின்றது. கதவில்லாத வாசல்களை எண்ணுவதில்லை.

இத்தகைய வீடுகளிற் குடியிருப்போர் எவரிடமும் இரந்து நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தம் வீட்டுக்கான மதிப்பீடு என்ன, கொடுபட்டது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். கேள்வியைச் சமர்ப்பித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகர வேண்டாம்.

எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் ஊருக்கொருவராயினும் இவ்வேலைக்கு முன்வருதல் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் முடிவுறாதிருக்கும் வீடுகளையும் மலக்குழிகளையும் கணக்கெடுத்து, பிரதேச செயலாளரிடம் நேரிற் கையளிக்கட்டும். நம் பணத்தாலும் நம் பெயராலும் எழும் வீடு முழுமையாக எழவேண்டுமெனக் கேட்பது சண்டையன்று, உரிமை.